கொம்புப் பாசியோடு எட்டு வாரங்கள்

ஜப்பானில் சைவ உணவோடு வாழ முயல்பவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய சொல் 'தாஷி'. மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த பரங்கிக்காய், கீரை நனைத்த நீர் என எல்லாவற்றுக்கும் அடிநீராக இருப்பது அதுதான். பெரும்பாலான கடைகளில் அவித்துப் புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் சீவல்களைக் கொண்டே அதை இறக்குகிறார்கள். "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால், கிண்ணத்தில் மீன் துண்டு எதுவும் இல்லையே என்ற எண்ணத்தில், மனமார "இல்லை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்குத் தாஷி என்பது மீன் அன்று, சுவை. டோக்கியோவின் கிழக்கோரத்தில் உள்ள நிஷிகசாயில் குடியேறி மூன்றாண்டுகள் வெளியில் சாப்பிடும்போதெல்லாம் தயங்கிய பிறகு, பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் மீன் சேராமல், கொம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் மட்டும் கொண்டு தாஷி எடுக்கிறார்கள் என்று அறிந்தேன். அதை வீட்டிலேயே முறையாகச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்து, ஏப்ரல் நடுவிலிருந்து மழைக்காலம் தொடங்கிய ஜூன் வரை, எடையையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே செய்த முயற்சிகளின் பதிவு இது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொம்பு என்பது குளிர்ந்த கடலின் பாறைகளைப் பற்றி வளரும் பழுப்புப் பாசி. சுஷியைச் சுற்றும் நோரி வேறு இனம், அது சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. ஜப்பானில் விளையும் கொம்பில் ஏறத்தாழ முழுவதும் வடக்கே ஹொக்கைதோவின் கரைகளில் கிடைக்கிறது. கோடை மாதங்களில் சிறு படகுகளில் சென்று, நீண்ட கழிகளால் பாறையிலிருந்து முறுக்கி இழுத்து, கரையில் பரப்பிய கூழாங்கற்களின்மேல் வெயிலில் விரித்து உலர்த்துகிறார்கள். ஹக்கோதாத்தே பகுதியின் மா-கொம்பு, ரிஷிரித் தீவின் ரிஷிரி, ஷிரெத்தோக்கோ மூவலந்தீவின் ராவுசு, தெற்குக் கரையின் ஹிதகா என்று விளையும் இடத்துக்கேற்பப் பெயரும் குணமும் மாறுகின்றன. தமிழில் எழுதினால் மாட்டுக் கொம்பும் மரக்கொம்பும் நினைவுக்கு வரும் என்றாலும், உலர்ந்து விறைத்த அந்தக் கரும்பட்டையைக் கையில் எடுத்தபோது, ஒலி ஒன்றானது பொருத்தமாகவே எனக்குத் தோன்றியது.

முதல் சனிக்கிழமை நான் செய்ததெல்லாம் தவறு. பல்பொருள் அங்காடியில் விலை குறைவாக இருந்த ஹிதகா கொம்பில் 20 கிராம் எடுத்தேன். அதன்மேல் வெண்மையாக ஏதோ படிந்திருந்ததால், பூஞ்சையோ உப்போ என்று நினைத்துக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு ஒரு லிட்டர் நீரில் போட்டு, ரசம் கொதிப்பதுபோல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். வடித்தபோது நீர் பச்சை கலந்த பழுப்பாக இருந்தது. கரண்டியைத் தூக்கினால் வெண்டைக்காய் நீர்போல் இழுபட்டது. கடற்கரையில் ஒதுங்கி அழுகும் பாசியின் வாடையும், நாக்கின் அடியில் தங்கும் கசப்பும் சேர்ந்திருந்தன. அந்தப் பாத்திரத்தில் இருந்ததைச் செடிக்கு ஊற்றவும் மனம் வராமல் கொட்டிவிட்டேன்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி "கழுவினீர்களா?" என்பதுதான். அந்த வெண்படிவு பூஞ்சை அன்று. பாசி உலரும்போது உள்ளிருந்து வெளிவந்து படியும் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள். அதைக் கழுவுவது, வெல்லத்தின் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பாயசம் வைப்பதற்கு ஒப்பானது. ஈரத்தைப் பிழிந்தெடுத்த துணியால் மணலும் தூசும் போக ஒருமுறை துடைத்தால் போதும். கொதிக்கவிடக் கூடாது என்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. கொம்பின் செல் சுவர்களில் ஆல்ஜினிக் அமிலம் என்னும் கொழகொழப்பான பொருள் நிறைந்திருக்கிறது. நமக்கு வேண்டிய சுவைப்பொருள் குளிர்ந்த நீரிலேயே கரைந்து வெளியேறிவிடும். கொதி நீரில் அதன் பின்னாலேயே கொழகொழப்பும் கசப்பும் கடல் வாடையும் வந்து சேர்ந்துவிடும். ஆகவே இங்கே சமைப்பது என்பது, முன்னதை வரவிட்டு பின்னதைத் தடுத்து நிறுத்துவதே.

இரண்டாம் வாரம் அவர் சொன்னபடி குளிர் ஊறல் செய்தேன். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் ரிஷிரி கொம்பு, மூடிய கண்ணாடிக் குடுவையில், குளிர்பதனப் பெட்டிக்குள் இரவு முழுவதும். காலையில் நீர் இளம் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது. மெல்லிய கடல் மணமும் லேசான இனிப்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகு 100 மில்லி நீரை எடுத்து அரை கிராம் உப்பு சேர்த்தேன். இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டிய தருணம் அதுவே. உப்பு கரைந்ததும், அதுவரை வெறும் நீராக இருந்தது வாய் முழுவதும் பரவி, விழுங்கிய பின்னும் நெடுநேரம் நாக்கில் நின்றது. வெந்நீரில் அதே அளவு உப்பைக் கரைத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். அது வெறும் உப்புக் கரித்தது. கொம்பின் சுவை தனியாக நின்று பேசுவதில்லை, உப்போடு சேர்ந்துதான் வெளிப்படுகிறது. தாஷியை உப்பில்லாமல் சுவைத்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுபவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு நிமிடத்தில் நானும் அவ்வாறே முடிவு கட்டியிருப்பேன்.

இந்தச் சுவைக்குப் பெயர் வைத்தவர் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேதா. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத ஒன்று கொம்பு நீரில் இருப்பதை உணர்ந்து, 1908-இல் அதிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவையை 'உமாமி' என்று அழைத்தார். அடுத்த ஆண்டே அதன் சோடியம் உப்பு 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வெண்தூளின் தாய்வீடு, வைக்கோல் நிறத்தில் என் குடுவையில் நின்ற இந்தத் தெளிந்த நீர்தான் என்பதை அன்று காலை நாக்கே எனக்கு உணர்த்தியது.

மூன்றாம் வாரம் ஒப்பீடு. குளிர் ஊறலைவிடச் செறிவான தாஷி வேண்டுமென்றால் 60 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும் என்பது கியோத்தோ சமையல்காரர்கள் பலர் கைக்கொள்ளும் முறை. என் மின்காந்த அடுப்பில் வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்த முடியவில்லை. மிகக் குறைந்த நிலையில் வைத்தாலும் 20 நிமிடத்தில் 75 பாகையைத் தாண்டியது. அணைப்பதும் ஏற்றுவதுமாக அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருப்பது சரிப்படாது என்று, வாய் அகன்ற வெப்பக் குடுவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதலில் வெந்நீர் ஊற்றிக் குடுவையைச் சூடாக்கி அதைக் கொட்டிவிட்டு, கொம்பைப் போட்டு 65 பாகை நீரை ஊற்றி மூடினேன். ஊற்றியவுடன் 62, ஒரு மணி நேரம் கழித்து 59. இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெப்பமானி இல்லாதவர்கள், பாத்திரத்தின் அடியில் ஊசிமுனை அளவு குமிழிகள் அரும்பத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று கொள்ளலாம்.

அதே நாளில் ஹிதகா, ரிஷிரி, ராவுசு மூன்றையும் ஒரே அளவில் இவ்வாறு ஊறவைத்துப் பார்த்தேன். ரிஷிரி நீர் மிகத் தெளிவானது. சுவை அடக்கமானது, உப்பு ஓரளவு தூக்கலாக இருந்தது. ராவுசு நிறத்தில் மங்கல், சுவையில் தடிமன். மிசோவோடு சேரும்போது அதன் பலம் தெரிகிறது. ஹிதகா தாஷிக்குச் சற்று இளைத்தது என்றாலும், ஊறியபின் பட்டை மென்மையாக இருந்ததால் தின்பதற்கு அதுவே ஏற்றது. தெளிந்த சூப்புக்கு ரிஷிரியையும் அன்றாட மிசோ சூப்புக்கு, விலை குறைந்த ஹிதகாவையும் வைத்துக்கொண்டேன். நீரும் கணக்கில் சேரும்: கடின நீரில் உள்ள கால்சியம் கொம்பிலிருந்து சுவை இறங்குவதைத் தடுக்கிறது. கியோத்தோ, ஒசாகா பக்கத்து நீர் டோக்கியோ நீரைவிட மென்மையானது. கொம்பை முதன்மையாகக் கொண்ட சமையல் அங்கே ஓங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மற்றொரு காரணம் வாணிகம். எதோ காலம் எனப்படும் 1603–1868 ஆண்டுகளில் வடக்கிலிருந்து ஜப்பான் கடல் வழியாக வந்த கித்தமாயெபுனே கப்பல்கள் கொம்பை ஒசாகா வரை கொண்டு சேர்த்தன. கொம்பு ஒரு துண்டும் விளையாத ஒசாகா கொம்புக்குப் பெயர்பெற்ற ஊரானது அவ்வாறுதான்.

சூரை மீன் சேர்க்காதவர்களுக்கு ஷிடாகே எவ்வளவு முக்கியம் என்பது நான்காம் வாரம் விளங்கியது. உலர்ந்த ஷிடாகேயில் குவானிலிக் அமிலம் என்னும் மற்றொரு சுவைப்பொருள் உருவாகிறது. 1957-இல் அதன் சுவையைக் கண்டறிந்த அகிரா குனினாகா, அது குளுட்டமிக் அமிலத்தின் உப்பான குளுட்டமேட்டோடு சேரும்போது இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு சுவை எழுகிறது என்பதையும் காட்டினார். காளான் இரண்டை 300 மில்லி குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் மெதுவாகச் சூடேற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். அவசரப்பட்டு நேராக வெந்நீரில் ஊறவைத்தபோது மணம் இருந்தது, சுவை இல்லை. கொம்புத் தாஷி மூன்று பங்குக்குக் காளான் நீர் ஒரு பங்கு என்பது எனக்குப் பிடித்த அளவு. அதற்கு மேல் போனால் காளானின் மணம் மற்ற அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையை எழுதாமல் மேலே செல்ல எனக்கு விருப்பமில்லை. கொம்பில் அயோடின் மிக அதிகம். உலர்ந்த மா-கொம்பு 100 கிராமில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருப்பதாக ஜப்பானிய உணவுப் பட்டியல் கூறுகிறது. அதாவது 10 கிராமில் 20 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். ஜப்பான் வகுத்துள்ள அன்றாட மேல்வரம்பு 3 மில்லிகிராம். ஊறும்போதும் கொதிக்கும்போதும் அயோடினின் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடுகிறது என்பதால், சக்கையைவிட நீரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். என் மனைவி தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை உட்கொள்பவர். இந்த முயற்சியின் முதல் மூன்று வாரங்கள் நான் இதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது இப்போது எண்ணினாலும் வருத்தம் தருகிறது. மருத்துவரிடம் கேட்டபின், மனைவியின் கிண்ணத்துக்கு ஷிடாகே நீர் மட்டும், எனக்கும் கொம்புத் தாஷி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று மாற்றிக்கொண்டோம். தைராய்டு தொடர்பான குறை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இதற்குள் உறைபெட்டியில் சக்கை சேர்ந்துவிட்டது. தாஷி எடுத்த கொம்பு, 10 கிராம் 32 கிராமாகப் பருத்து, பச்சைத் தோல்போல் மினுங்கும். ஹொக்கைதோவின் கடல் சூடேறி விளைச்சல் சரிந்துவரும் இந்நாளில் அதைக் குப்பையில் போட மனம் ஒப்பவில்லை. அதற்கு ஜப்பானியர் கண்ட வழி ட்சுகுதானி. அதன் பெயருக்குக் காரணமான ட்சுகுதா எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தோஸாய் ரயில் தடத்தில் மொன்ஸென்-நகாச்சோ வரை சென்று, ஓயெதோ தடத்தில் மாறி, அடுத்த நிறுத்தமான ட்சுகிஷிமாவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஒசாகாவின் ட்சுகுதா ஊர் மீனவர்கள் பின்னாளில் ஜப்பானின் ஆட்சியாளரான தொகுகவா இயெயாசுவோடு, இன்றைய டோக்கியோவான எதோவுக்கு வந்து, 1644-இல் சுமிதா ஆற்று முகத்தில் மண் மேடிட்டு உருவாக்கிய தீவுக்குத் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். விற்காமல் எஞ்சிய சிறு மீன்களைக் கெடாதபடி கெட்டியாகச் சுண்டவைத்தது ட்சுகுதானியானது. சுமியோஷி கோயிலுக்கு அருகே பழைய கடைகள் இன்றும் எடை போட்டு விற்கின்றன. ஒரு கடையில் 100 கிராம் கொம்பு ட்சுகுதானி வாங்கி வந்து, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கறுத்து மின்னியது; விரலில் ஒட்டியது, ஆனால் சாறு வடியவில்லை; பல்லால் அழுத்தியதும் எதிர்ப்பின்றி அறுந்தது.

என் முதல் ட்சுகுதானி அறுபடவே இல்லை. 190 கிராம் சக்கையைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, சோயா சாறையும் சர்க்கரையையும் தொடக்கத்திலேயே ஊற்றி முக்கால் மணி நேரம் சுண்டவைத்தேன். சுவை சரியாக இருந்தது, துண்டுகள் செருப்புத் தோலாக இருந்தன. உப்பும் சர்க்கரையும் முதலிலேயே சேர்ந்தால் துண்டுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு வேகவைத்தாலும் மென்மை வருவதில்லை. பருப்பு வேகும் முன் புளி ஊற்றக் கூடாது என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. ஆனால் கொம்பின் நடத்தை பருப்புக்கு நேர்மாறானது. புளிப்பு அதை மென்மையாக்குகிறது. அடுத்த முறை துண்டுகளை மூழ்கும் அளவு நீரில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி அரிசி வினிகர் சேர்த்து, சிறு தீயில் 35 நிமிடம் வேகவைத்தேன். நகத்தால் அழுத்தியபோது தடையின்றி இறங்கியது. அதன் பிறகே சோயா சாறு 3, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது 2, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி சேர்த்தேன். வினிகரின் மணம் சுண்டும்போதே போய்விடுகிறது. மிரினில் 14 விழுக்காடு அளவுக்குச் சாராயம் உண்டு. வேண்டாதவர்கள் அதற்குப் பதில் அரை மேசைக்கரண்டி சர்க்கரையும் நீரும் சேர்க்கலாம், மினுமினுப்பு மட்டும் சற்றுக் குறையும்.

கடைசிப் பத்து நிமிடங்கள் பாத்திரத்தை விட்டு நகரவே கூடாது. குழம்பு பாகாக மாறி, கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும் பதத்தில் தீயை அணைக்க வேண்டும். அது இன்னும் தளர்வாகத்தான் இருக்கும்; ஆறும்போது இறுகும். நான் இரண்டாவது தடவை அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கப் போய், அடியில் சர்க்கரை கருகிக் கசந்த ஒரு பாத்திரத்தை இழந்தேன். மூன்றாவது முறை ட்சுகுதாவில் வாங்கியதை ஒரு தட்டிலும் என்னுடையதை மறு தட்டிலும் வைத்து, சூடான சோற்றோடு உண்டு பார்த்தோம். கடையுடையதில் ஆழம் அதிகம்; என்னுடையது தாஷிக்குத் தன் சுவையைக் கொடுத்துவிட்ட சக்கை என்பதால் அது இயல்பே. மென்மையில் வேற்றுமை தெரியவில்லை. மனைவி, ட்சுகுதானியைத் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் வடுமாங்காய்க்கு நிகராக இருக்கிறது என்றார்; அவர் பங்கு இரண்டு துண்டோடு நின்றது.

மீதமிருந்த சக்கையில் ஃபுரிகாகே. சோற்றின்மேல் தூவிக்கொள்ளும் இந்த உலர்ந்த பொடி, வடிவத்தில் நம் பருப்புப் பொடிக்கு உறவு. தைஷோ காலத்தில் (1912–1926) குமாமோத்தோவைச் சேர்ந்த மருந்தாளர் சுயெகிச்சி யோஷிமாரு, மக்களின் கால்சியக் குறையைப் போக்க மீன் முள்ளைப் பொடித்து எள்ளும் பாசியும் கலந்து செய்ததே இன்றைய ஃபுரிகாகேயின் முன்னோடி என்கிறார்கள். கடையில் விற்கும் வகைகளில் சூரைச் சீவல் இல்லாததைத் தேடிக் களைத்துப்போன எனக்கு, இதை வீட்டில் செய்வதுதான் ஒரே வழியாக இருந்தது.

முதலில் 150 கிராம் சக்கையைப் பொடியாக நறுக்கி வாணலியில் வறுத்தேன். வெளிப்புறம் தீய்ந்தது, உட்புறம் ரப்பராக நின்றது. கொம்புக்குள் இருக்கும் நீர் அவசரத்தில் வெளியேறுவதில்லை. பிறகு ஒரு மேசைக்கரண்டி சோயா சாறில் பிசறி, தாள் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 100 பாகை ஓவனில் 50 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிட்டேன். வெளியே எடுத்து ஆறியதும் விரலால் நசுக்க நொறுங்கியது. எடை 33 கிராம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி இங்குள்ள 100 வோல்ட் மின்சாரத்தில் முனகுகிறதே தவிர அரைப்பதில்லை என்பதால், சுரிபாச்சி என்னும் மண் கலத்தைப் பயன்படுத்தினேன். அதன் உட்புறம் முழுவதும் சீப்பால் கீறியதுபோன்ற வரிகள் உண்டு. மரக் குழவியால் சுழற்றும்போது அந்த வரிகளே பொருளைக் கிழிக்கின்றன. இது மிக்சியைவிட நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். எல்லாம் ஒரே மாவாகிவிடாமல், சில தூளாகவும் சில துகளாகவும் நிற்பதால், சோற்றோடு மெல்லும்போது ஒவ்வொரு வாயிலும் வேறு வேறு இடத்தில் சுவை தட்டுப்படுகிறது.

கலவை இவ்வாறு அமைந்தது: கொம்புத் தூள் 33 கிராம், வறுத்த வெள்ளை எள் 30 கிராம், அதில் பாதி அரைத்தது, பாதி முழுசாக, உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகாய்த் தூள் கால் தேக்கரண்டி, அவோநோரி என்னும் பச்சைப் பாசித் தூள் ஒரு தேக்கரண்டி, தீயில் ஒரு கணம் காட்டிக் கையால் கசக்கிய நோரி இரண்டு தாள். அவோநோரியையும் நோரியையும் எல்லாம் நன்றாக ஆறிய பின்பே சேர்க்க வேண்டும்; சூட்டில் பட்டால் பச்சை நிறம் மங்கி, மணமும் ஆவியாகிவிடும். முதல் கலயத்தில் ஆறும் முன் சேர்த்ததால் வைக்கோல் மணம்தான் மிஞ்சியது.

ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்கியதும் புதிய சிக்கல் வந்தது. மூடியைத் திறந்து மூடிய நான்கே நாளில் ஃபுரிகாகே நமுத்துக் கட்டி தட்டியது. மறுபடியும் 100 பாகையில் 10 நிமிடம் வைத்து, பிஸ்கட் டப்பாக்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை அடியில் போட்டு, இரண்டு சிறு கலயங்களாகப் பிரித்தேன்; ஒன்று மேசையில், மற்றது உறைபெட்டியில். இன்னும் ஊறவைக்காத கொம்புப் பட்டைகளையும் அன்றே சிறு துண்டுகளாகக் கத்தரித்து, 10 கிராம் வீதம் தனித்தனிப் பையில் இட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட்டேன். இப்போது குளிர்பதனப் பெட்டியில் நேற்றிரவு ஊறவைத்த ரிஷிரி குடுவையும், ஒன்பது நாளுக்கு முன் செய்த ட்சுகுதானியின் கடைசிப் பங்கும் இருக்கின்றன. உறைபெட்டியில் 96 கிராம் சக்கை. இன்னும் மூன்று தாஷி எடுத்தால் அடுத்த ட்சுகுதானிக்குப் போதும். அதற்கு ஹக்கோதாத்தே மா-கொம்பு ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.